ஐந்தாவது முகம்

எசென்குல்லுக்கு வாரத்தில் ஒரே ஒரு பரீட்சை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெனேரா ஒரு தாளைக் கையில் கொடுப்பாள். தாளில் ஐந்து முகங்கள் இருக்கும். முதல் முகம் அழும். இரண்டாவது வாடியிருக்கும். மூன்றாவது சும்மா இருக்கும். நான்காவது புன்னகைக்கும். ஐந்தாவது காது வரைக்கும் வாயை இழுத்துச் சிரிக்கும். இந்த வாரம் உங்கள் மனம் எந்த முகம் என்று வட்டம் போட வேண்டும்.

பிஷ்கேக்கில் ரயில் பாதைக்குப் பின்னால், மூடிப்போன பாலர் பள்ளி ஒன்றில் நடந்தது அந்த விடுதி. வீடில்லாத ஆண்கள் பதினெட்டுப் பேர், கட்டில் பதினெட்டு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு திறக்கும். காலை எட்டு மணிக்கு எல்லோரும் வெளியேற வேண்டும். சனிக்கிழமை மட்டும் பகலிலும் இருக்கலாம், அன்றைக்கு மனநல நாள்.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வெனேரா நல்லவள். நாற்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், எப்போதும் ஒரு கையில் கோப்பு. ஆறு மாதமாக அவள் இந்த ஆண்களை வட்டமாக உட்காரவைத்தாள், மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள், வண்ணப் பென்சில் கொடுத்து மரம் வரையச் சொன்னாள். பதினெட்டுப் பேரும் மறுக்காமல் மூச்சு விட்டார்கள், மரம் வரைந்தார்கள். கடைசியில் பதினெட்டுப் பேரும் இரண்டாவது முகத்தில் வட்டம் போட்டார்கள். ஆறு மாதத்தில் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும், வெனேராவைத் தவிர. விடுதியை நடத்திய திட்டத்தின் விதிப்புத்தகத்தில், 'மனநலம் மேம்பட்டவர்கள் அடுத்த கட்டத்துக்குச் செல்வார்கள்' என்று ஒரு வரி இருந்தது. அடுத்த கட்டம் என்பது ஒரு கட்டடம். அதை இன்னும் கட்டவில்லை. ஆகவே சிரித்த முகத்தில் வட்டம் போட்டவன் தெருவுக்குப் போவான் என்று ஆண்கள் கணக்குப் போட்டுவைத்திருந்தார்கள். அழுகிற முகத்தில் போட்டாலோ மனநல ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வந்துவிடுவார். இரண்டாவது முகம்தான் பத்திரமான இடம்.

"கொஞ்சம்கூடவா நல்லா இல்ல, எசென்குல் அண்ணே?" என்று வெனேரா கெஞ்சுவாள்.

"வாடித்தாம்மா இருக்கு" என்பான் எசென்குல். அந்த நேரத்தில் அவன் வாயில் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆப்பிள் பணியாரம் இருக்கும்.

அவனுக்கு ஐம்பத்தொன்பது வயது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவன். மனைவியின் சிகிச்சைக்காக வீட்டை விற்றான். வீடும் போயிற்று, மனைவியும் போனாள். மிச்சம் இருப்பது ஒரே மகள் ஜாஸ்குல். அவள் நகரத்தில் ஒரு தையல் பட்டறையில் வேலை பார்த்தாள். பட்டறையின் மேல்மாடியில் எட்டுப் பெண்கள் ஒரே அறையில் படுத்தார்கள். அப்பாவை அங்கே வைத்துக்கொள்ள முடியாது என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் பட்டறை வாசலுக்கு அவனை வரச்சொன்னாள். விரலில் நூலைச் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"அப்பா, தொக்மொக் ஊர்லேருந்து மாப்பிள்ளை வீட்டுல வராங்க. கம்மல் போட."

கம்மல் போட வருவது என்றால் மாப்பிள்ளையின் தாய் வந்து பெண்ணின் காதில் தன் கையால் கம்மல் மாட்டுவது. மாட்டிவிட்டால் பெண் அவர்களுடையவள். அதைப் பெண்ணின் அப்பா வீட்டில்தான் மாட்டுவார்கள்.

"எங்க வராங்க?"

"உங்க வீட்டுக்கு."

"எந்த வீட்டுக்கு?"

"அப்பாவுக்கு வீடு இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னு சொல்லிட்டேன்."

"எவ்வளவு பெரிய வீடுன்னு சொன்ன?"

"அவங்க கேக்கல. நான்தான் பெருசுன்னு சொன்னேன்." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வீடில்லாதவன் பொண்ணுன்னு தெரிஞ்சா, சொந்தக்காரங்களே சேத்துக்காத குடும்பம்னு சொல்லிடுவாங்க அப்பா. நல்ல பையன். இதை விட்டா எனக்கு அந்த மேல்மாடிதான்."

அன்று மாலை எசென்குல் விஷயத்தை விடுதியில் சொன்னான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைசியில் வித்தாலி கையைத் தூக்கினான். ருஷ்யன், கறிச் சந்தையில் ஆட்டுத் தொடைகளைச் சுமந்து தோள் கோணிப்போனவன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அறை இருக்கு, அடுப்பு இருக்கு, கட்டில் இருக்கு. என் பாட்டன் காலத்துலகூட எங்க வீட்டுல இவ்வளவு கட்டில் இருந்ததில்ல. சனிக்கிழமை கூட்டிட்டு வா."

"வெனேரா?"

"அவளை நான் பாத்துக்கறேன்."

வெனேரா முதலில் முடியாது என்றாள். பிறகு, சனிக்கிழமை மனநல நாள், அறிக்கையில் என்ன எழுதுவது என்று கேட்டாள். வித்தாலி சுவரில் ஒட்டியிருந்த திட்ட அட்டவணையில் பதினோராவது வரியைக் காட்டினான். 'நடித்துப் பழகுதல். குடும்பச் சூழல்.' ஆறு மாதமாக அதில் யாரும் டிக் போட்டதில்லை. அடுத்த வரி 'கூட்டுச் சமையல்.' அதிலும் இல்லை.

வெனேரா அந்த இரண்டு வரிகளையும் ரொம்ப நேரம் பார்த்தாள். "நான் யாரா நடிக்கணும்?" என்றாள்.

அவள் எசென்குல்லின் தங்கையானாள். மூன்று பேர் தம்பிகளானார்கள். வித்தாலியின் நிறமும் மூக்கும் எந்தப் பொய்யையும் தாங்காது என்பதால் அவன் பக்கத்து வீட்டுக்காரன். மற்றவர்கள் பகலில் வெளியே போய்விட்டுச் சாயங்காலம் வந்து மீதிக் கறியைச் சாப்பிடுவதாக ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் தம்பிகள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. சம்பந்தம் பேச வருகிறவன் தலைமுறை கேட்காமல் போகமாட்டான். ஏழு தலைமுறைக்குள் ரத்தம் கலந்திருந்தால் கல்யாணமே கிடையாது. அதனால் அப்பா, தாத்தா என்று மேலே மேலே ஏழு பேரைச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவர்கள் ஆளுக்கொரு ஏழு பேரைச் சொன்னால் கதை கந்தல்.

ஆகவே அந்த வாரம் முழுக்க விடுதியில் பாடம் நடந்தது. எசென்குல் சொல்வான், தம்பிகள் திருப்பிச் சொல்வார்கள். பைகாஜி, சுயுந்துக், கொஜோம்பெர்தி, தாஷ்தான், பெக்முராத், எல்சிபெக், நார்போதோ. இரண்டு தம்பிகளுக்கு இது பெரும்பாடாக இருந்தது. சொந்த ஏழு பேர் நடுவில் புகுந்து குழப்பினார்கள்.

மூன்றாவது தம்பி திலெக்குக்கு அந்தக் குழப்பம் இல்லை. அவன் அநாதை இல்லத்தில் வளர்ந்தவன். நாற்பத்திரண்டு வயதுவரை யாராவது அவனிடம் உன் ஏழு பேர் யார் என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவான். மேலே ஒருத்தன் பெயரும் தெரியாது. அவன் ஒரே இரவில் ஏழையும் கற்றுக்கொண்டான். பல் துலக்கும்போது சொன்னான், சூப்புக்கு வரிசையில் நிற்கும்போது சொன்னான். வியாழக்கிழமை எசென்குல்லிடம் வந்து, "அண்ணே, இந்தத் தாஷ்தான் என்ன பண்ணிட்டு இருந்தாரு?" என்று கேட்டான்.

"யாருக்குடா தெரியும்? குதிரை வச்சிருந்தார்னு சொல்லுவாங்க."

"எத்தனை குதிரை?"

"உனக்கு எத்தனை வேணும்?"

திலெக் யோசித்தான். "நாப்பது" என்றான். அன்றிலிருந்து தாஷ்தானுக்கு நாற்பது குதிரைகள்.

வெள்ளிக்கிழமை வித்தாலி ஒரு முழு ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கறிக்கடைக்காரரே முறைப்படி அறுத்தது என்று மட்டும் சொன்னான். அடுத்த ஒரு மாதம் அவன் சந்தையில் கூலி வாங்காமல் சுமந்தான்.

சனிக்கிழமை. பதினெட்டுக் கட்டிலும் ஒரே மாதிரி விரித்திருந்தது. தரையில் விரிப்பு, அதன்மேல் மெத்தைகள், நடுவில் துணி விரித்துப் பொரித்த மாவுருண்டைகள், வெண்ணெய், ஜாம், தேநீர். கறி வெந்துகொண்டிருந்தது. ஜாஸ்குல் காலையிலேயே வந்து உள்ளே உட்கார்ந்திருந்தாள். தம்பிகள் மூவரும் சவரம் செய்து, நன்கொடை மூட்டையிலிருந்து எடுத்த கோட்டுகளில் வரிசையாக நின்றார்கள். வெனேரா சமையலறைக்கும் வாசலுக்குமாக ஓடினாள். நடிக்கிறோம் என்பதையே மறந்துவிட்டாள். "திலெக், சட்டை பட்டனைப் போடு. சம்பந்தி முன்னால மானத்த வாங்காத" என்று நிஜமாகவே திட்டினாள்.

காரிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா மம்பெதாலி, உருளைக்கிழங்கு வியாபாரி, வாசலை நிறைக்கிற ஆள். அவர் மனைவி புருல்கான், கையில் கம்மல் பெட்டி. கடைசியாக மம்பெதாலியின் அண்ணன் தொக்தொர்பாய். ஒல்லியான மனிதர். கையில் ஒரு பெரிய பை. உள்ளே வந்ததும் அவர் ஒரு முறை மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். சுவரைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், பிறகு எசென்குல்லைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார்.

கதவுக்கு எதிரே, மரியாதை இடத்தில் மம்பெதாலியை உட்காரவைத்தார்கள். அவர் சுற்றிலும் கண்ணை ஓட்டினார்.

"இத்தனை கட்டிலா சம்பந்தி?"

எசென்குல்லின் வாய் தானாகப் பேசியது. "ஊர்லேருந்து சொந்தக்காரங்க வருவாங்க, போவாங்க. இடமில்லன்னு யாரையும் சொல்றதில்ல."

"பாத்தியா?" என்று மம்பெதாலி மனைவியைப் பார்த்தார். "இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்கா?"

புருல்கான் கதவோரம் இருந்த சிறிய அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலர் பள்ளி விட்டுப்போனவை. ஒவ்வொரு கதவிலும் ஒரு படம். முயல், கரடி, செர்ரிப் பழம், காளான். இப்போது எசென்குல்லுடையது முள்ளம்பன்றி, திலெக்குடையது செர்ரி.

"இதெல்லாம் என்னங்க?"

வெனேரா தட்டைக் கீழே வைத்தாள். "பேரப்பிள்ளைங்களுக்கு. அண்ணன் இப்பவே பண்ணி வச்சுட்டாரு."

புருல்கான் விரலால் எண்ணினாள். "பதினெட்டா?"

எல்லோரும் ஜாஸ்குல்லைப் பார்த்தார்கள். அவள் தலை இன்னும் கொஞ்சம் கீழே போயிற்று. அதைப் பார்த்து, அடக்கமான பெண் என்று புருல்கானுக்கு முழுத் திருப்தி.

சுவரில் ஐந்து முகங்கள் இருந்தன. திட்டத்தின் விதிப்படி அந்தப் படத்தைக் கழற்றக் கூடாது. மம்பெதாலி அதைப் பார்த்ததுமே வித்தாலி முந்திக்கொண்டான். "அதுவும் பேரப்பிள்ளைங்களுக்குத்தான். பாத்துப் பாத்துச் சிரிக்கக் கத்துக்கும்."

"நீங்க யாரு?"

"பக்கத்து வீடு."

"எந்தப் பக்கம்?"

வித்தாலி தன் கட்டில் இருந்த பக்கம் கையைக் காட்டினான்.

பிறகு எதிர்பார்த்த கேள்வி வந்தது. மம்பெதாலி எசென்குல்லிடம் கேட்கவில்லை. நேராகத் திலெக்கைப் பார்த்தார். "தம்பி, நீங்க சொல்லுங்க. உங்க ஏழு பேர் யாரு?"

திலெக் எழுந்து நின்றான். உட்கார்ந்துகொண்டே சொல்லலாம், ஆனாலும் எழுந்தான். "பைகாஜி" என்று தொடங்கினான். அவன் குரலில் அப்படி ஒரு உரிமை இருந்தது. சுயுந்துக்கையும் கொஜோம்பெர்தியையும் தோளில் கைபோட்டு அழைத்துவருவது போலச் சொன்னான். தாஷ்தான் வந்ததும், "நாப்பது குதிரை வச்சிருந்தவரு" என்று சேர்த்துக்கொண்டான். நார்போதோவில் முடித்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

"எங்க பக்கம் இந்தப் பேர் எதுவும் இல்ல. ரத்தம் சேரல" என்றார் மம்பெதாலி. பிறகு மெதுவாக, "சம்பந்தி, முன்னோரை நெனச்சா கண்ணுல தண்ணி வர்ற தம்பி உங்களுக்கு. கொடுத்துவச்சவர் நீங்க" என்றார். மற்ற இரண்டு தம்பிகளிடம் அவர் எதுவுமே கேட்கவில்லை. அவர்கள் கறியை இன்னும் நன்றாக மென்றார்கள்.

புருல்கான் ஜாஸ்குல்லை அருகில் இழுத்துக் கம்மலை மாட்டினாள். வெனேரா சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வந்தவர்களுக்கு உடை கொடுத்து அனுப்புவது முறை என்பதால், நன்கொடை மூட்டையில் கிடைத்த உரோமக் கழுத்து வைத்த வெளிநாட்டுக் கோட்டை எசென்குல் சம்பந்தியின் தோளில் போட்டான். மம்பெதாலி உடலை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "இந்த மாதிரி துணி இங்க எந்தக் கடையிலயும் கெடைக்காது" என்றார். உண்மைதான், கிடைக்காது.

எல்லாம் முடிந்தது என்று எசென்குல் மூச்சுவிட்டபோதுதான் மம்பெதாலி தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி, ஒரு விஷயம். எங்க வீடு ரெண்டே அறை. ஒண்ணுல நாங்க. இன்னொண்ணுல அண்ணன். பையனுக்குக் கல்யாணம்னா, அவங்க ரெண்டு பேருக்கும் ஓர் அறை வேணும்ல. அண்ணனை எங்க வைக்கறதுன்னுதான் ரெண்டு மாசமா எங்க ரெண்டு பேருக்கும் சண்டை. இங்க வந்து பாத்தப்பறம் மனசு நெறஞ்சிடுச்சு. இடமில்லன்னு யாரையும் சொல்றதில்லன்னு நீங்களே சொன்னீங்க."

எசென்குல் தொக்தொர்பாயின் பையைப் பார்த்தான். இப்போதுதான் அது விளங்கியது. மூட்டையோடுதான் வந்திருக்கிறார். இங்கே இல்லாவிட்டால் வேறு எங்கேயோ இறக்கிவிட்டுப் போவதாக இருந்திருக்கிறார்கள்.

சம்பந்தி கேட்டு இல்லையென்று சொல்கிறவன் உண்டா? சொன்னால் கம்மல் கழன்று வரும். சொல்லாவிட்டால் மகளுக்கு ஓர் அறை, கதவு உள்ள அறை. ஜாஸ்குல் அப்பாவைப் பார்த்து மிக லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்பது போல. அவன் அதைப் பார்க்காத மாதிரி சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இது என்ன சம்பந்தி, கேக்கணுமா? இருக்கட்டும்."

கையை விரித்து ஆசி சொல்லி, முகத்தைத் தடவிக்கொண்டு எல்லோரும் எழுந்தார்கள். ஜாஸ்குல்லைப் பட்டறையில் விட்டுவிடுவதாகச் சம்பந்தி காரில் ஏற்றிக்கொண்டார். கார் போயிற்று. தொக்தொர்பாய் மட்டும் பையோடு வாசலில் நின்றார்.

"சோப்பு நாத்தத்துலயே தெரிஞ்சிடுச்சு" என்றார் அவர், முதல்முறையாக வாயைத் திறந்து. "ஓஷ் நகரத்துல இதே மாதிரி ஓர் எடத்துல மூணு குளிர்காலம் இருந்தேன். அங்க அந்த அஞ்சு முகமும் மஞ்சள் கலர்."

"அப்புறம் ஏங்க சொல்லல?" என்றான் எசென்குல்.

"சொன்னா எனக்குக் கட்டில் கெடைக்குமா?" அவர் பையை மாற்றிப் பிடித்தார். "உங்க பொண்ணுக்கும் அறை கெடைக்காது."

அந்தப் பதிலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எசென்குல் உள்ளே போனான். வெனேரா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்குப் பதிவேடு மூடப்படும். பதினெட்டுக் கட்டிலுக்கும் பதினெட்டுப் பெயர் இருந்தது.

"தங்கச்சி, இந்த வாரத் தாளை இன்னும் தரலையே" என்றான்.

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவன் பேனாவை வாங்கி, கொஞ்சமும் தயங்காமல் ஐந்தாவது முகத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டான்.

வெனேரா தாளைப் பார்த்தாள். ஆறு மாதமாக அவள் காத்திருந்த வட்டம். அவளுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. "அண்ணே, இது பொய்."

"இதுவரைக்கும் போட்டதுதாம்மா பொய்" என்றான் எசென்குல். "இன்னைக்குப் பொண்ணு காதுல கம்மல் ஏறிடுச்சு. அடுத்த கட்டம்னு எழுதிக்கோ. அந்தக் கட்டிலை அவருக்குக் குடு."

"எங்க போவீங்க?"

"மார்க்கெட்டுக்குப் பின்னால வெந்நீர்க் குழாய் போகுது. கதகதன்னு இருக்கும். முன்னாடி இருந்த எடந்தான்."

அவள் அழுதுகொண்டே எழுதினாள். முள்ளம்பன்றி அலமாரியைக் காலி செய்து அவன் தன் பையைத் தோளில் மாட்டினான். வாசல் தாண்டி இருபது அடி போனதும் பின்னால் காலடிச் சத்தம். திலெக்.

"எங்க போறீங்க?"

"உனக்கெதுக்குடா? உள்ள போ, கறி ஆறுது."

"கூடப் பொறந்தவன் குழாய்மேல படுத்தா எனக்கு மரியாதையா? ஒரு நாள் நீங்க, ஒரு நாள் நான். இன்னைக்கு நீங்க கட்டில்ல படுங்க."

"டேய், அந்த ஏழு பேரும் சும்மா நடிக்கறதுக்குச் சொல்லிக்குடுத்தது."

"அதை எங்கிட்டச் சொல்லாதீங்க" என்றான் திலெக். "தாஷ்தான்கிட்டப் போய்ச் சொல்லுங்க." எசென்குல்லின் தோளிலிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டு விடுதிப் பக்கம் நடக்க ஆரம்பித்தான். எசென்குல் திட்டிக்கொண்டே பின்னால் போக வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து திலெக்கின் கட்டிலில் அண்ணன் ஒரு நாள், தம்பி ஒரு நாள். பதிவேட்டில் இருந்தது திலெக்கின் பெயர் மட்டும். அண்ணன் முறை வரும் நாளில் வெனேரா கணக்காகப் பதிவேட்டின் பக்கம் திரும்பாமல் இருந்தாள்.

மூன்று வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. ஐந்தாவது முகத்தை எட்டிய முதல் மனிதர் என்பதால், அவரை அவருடைய புதிய வீட்டின் முன்னால் நிற்கவைத்துப் புகைப்படம் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நல்லவேளையாக அந்த மாதக் கடைசியில் தொக்மொக்கில் கல்யாணம் நடந்தது. மம்பெதாலி வீட்டு வாசலில், புதுக் கதவுக்கு முன்னால், மகளை ஒரு பக்கமும் திலெக்கை ஒரு பக்கமும் வைத்து எசென்குல் நின்றான். காது வரைக்கும் சிரித்தான். வெனேரா அந்தப் படத்தை அனுப்பினாள்.

தொக்தொர்பாய் தன்னுடைய முதல் சனிக்கிழமையன்றே தாளை வாங்கி, கண்ணாடிகூடப் போடாமல் இரண்டாவது முகத்தில் வட்டம் போட்டுக் கொடுத்தார். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.